ஆயிரத்துக்கு அறுபத்தைந்து

பெரம்பலூர்
9 ஏப்ரல் 2025

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை அமலோற்பவம் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் மாப்பிள்ளையும் இங்கே இருக்கிறோம். பிரியா திருச்சியில் நர்சிங் இரண்டாம் வருடப் பரீட்சைக்குப் படிக்கிறாள். உங்கள் உடம்பும் அண்ணியின் முழங்காலும் எப்படி? கொள்ளிடக் கரையில் எள் விதைத்திருந்தீர்களே, முளைப்பு நன்றாக வந்ததா?

போன் போடாமல் எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். போன் போட்டால் அண்ணி எடுப்பார். உங்களுக்குக் காது கேட்காது, நான் சொல்வதை அவர் கத்திச் சொல்ல வேண்டும். அண்ணி கத்தினால் ஏலாக்குறிச்சி முழுக்கக் கேட்கும். இது கத்திச் சொல்கிற விஷயமில்லை.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய இன்ஷூரன்ஸ் பத்திரம் இருபத்தைந்து வருடமாக டிரங்குப் பெட்டியில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கும். வைத்தவள் நான், எடுப்பவளும் நான். போன வாரம் திறந்தால் அது புடவைக்கு மேலே, புது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உள்ளே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு:

16.8.2025, இருபத்தைந்து வருடம் முடிவு. 9,65,540. பிரியா படிப்பு 3 லட்சம். அமலு பேரில் போஸ்ட் ஆபீஸ் 6 லட்சம். மிச்சம் சில்லறைக் கடன்.

அந்தத் தேதிக்கு அடியில் இரண்டு கோடு.

தொகை என் நோட்டிலிருந்து எடுத்தது. உங்களுக்குத் தெரியும், நான் எட்டாவதோடு நின்றவள். வட்டிக்கணக்கு போஸ்ட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துக் கற்றதுதான். சனிக்கிழமை தோறும் அவர் மக்காச்சோள மண்டி எடைமேடையிலிருந்து வந்ததும் கணக்கு நோட்டை நீட்டுவேன். படிக்காமலே அடியில் கையெழுத்துப் போடுவார். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்" என்பார். ஏஜெண்ட் செல்லப்பன் வருடா வருடம் வந்து, "போனஸ் ஆயிரத்துக்குச் சுமாரா அறுபத்தஞ்சு அறிவிச்சிருக்காங்கம்மா" என்று சொல்வார். நான் கடைசிப் பக்கத்தில் ஏற்றி வைப்பேன்.

அவர் பத்திரத்தை அடமானம் வைத்துவிட்டாரா? ஆகஸ்டில் பணம் கையில் வருமா? இந்த போனஸை எப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்? முப்பத்திரண்டு வருடம் அந்த இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்தவர் நீங்கள். எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

அண்ணிக்கு என் தோத்திரம்.

அமலு


ஏலாக்குறிச்சி
17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

அன்புத் தங்கை அமலுவுக்கு அடைக்கல மாதா துணை நிற்கட்டும். அண்ணன் மரிய செல்வம் எழுதுவது. உன் அண்ணியின் முழங்கால் வெயிலுக்குக் கொஞ்சம் தேவலை. எள் நன்றாக முளைத்து இப்போது பூத்திருக்கிறது. இன்று பாதம் கழுவும் சடங்குக்கு என்னையும் உட்கார வைக்கிறார்கள், பன்னிரண்டு பேரில் ஒருவனாக.

முதலில் பயத்தை விடு. பத்திரம் வீட்டில் இருந்தால் அடமானம் இல்லை. கடன் கொடுத்தால் கம்பெனி பத்திரத்தை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

போனஸ் என்பது இனாம் அல்ல. நம்மிடம் பிரீமியம் வாங்கும்போதே கம்பெனி கொஞ்சம் கூட்டித்தான் வாங்கும். இத்தனை பேர் இறப்பார்கள், இவ்வளவு வட்டி வரும், இவ்வளவு செலவாகும் என்று ஒரு பயந்த கணக்கு. மார்ச் 31 அன்று மதிப்பிட்டுப் பார்த்தால் இறந்தவர்கள் குறைவாக இருப்பார்கள், வட்டி கூட வந்திருக்கும். அந்த மிச்சத்தில் பெரும்பங்கை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிரித்து அறிவிப்பார்கள். அறிவிக்கும் முன் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அறிவித்துவிட்டால் அது பாலிசியோடு ஒட்டிக்கொண்டது, திரும்பப் பிடுங்க மாட்டார்கள். நெடுங்காலம் ஓடிய பாலிசிக்குக் கடைசியில் ஒரு கூடுதல் போனஸும் உண்டு. நம் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எழுதிக் கேட்டால் ஆபீசில் அச்சடித்துத் தருவார்கள். நீ செல்லப்பன் வாய்ச்சொல்லிலேயே ஓட்டியிருக்கிறாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது முழு ஆயுள் பாலிசி. ஆகஸ்டில் பிரீமியம் கட்டுவது நிற்கும், அவ்வளவுதான். கையில் ஒன்றும் வராது. பணம் ஆள் போன பிறகு வீட்டுக்கு வருவது.

உன் கடைசிப் பக்கத்தை அப்படியே நகல் எடுத்து அனுப்பு. மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குவது இப்போது எப்படி இருக்கிறது? வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து.

மரிய செல்வம்


பெரம்பலூர்
4 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு மாதாவின் பெயரால் வணக்கம். பிரியா பரீட்சை நன்றாக எழுதினாளாம். நீங்களும் அண்ணியும் சுகமென்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்டால், தூக்கம் போய்விட்டது.

அடமானம் இல்லை என்று படித்ததும் முழந்தாள் படியிட்டு நன்றி சொன்னேன். பிறகு அந்த வரிக்கு வந்தேன். பணம் ஆள் போன பிறகு வருவது. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து சீட்டை மறுபடி பார்த்தேன். பிரியாவுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இடம் இருக்கிறது, மளிகைக் கடைக்காரருக்குக்கூட இடம் இருக்கிறது. அவர் பேருக்கு ஒரு ரூபாய் இல்லை. ஆகஸ்டில் கையில் எதுவும் வராதென்றால் அந்தத் தேதிக்கு எதற்கு அண்ணா இரண்டு கோடு?

இன்னும் சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை என்னை பாங்குக்கு அழைத்துப் போய் அவர் கணக்கில் என் பெயரைச் சேர்த்தார். பணம் எடுக்கிற சீட்டை என் கையால் நிரப்பச் சொல்லி மூன்று தரம் பழக்கினார். கரண்ட் பில் எங்கே கட்டுவது, கேஸ் புத்தகம் யார் பேரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். வரும் வழியில் செல்லப்பன் வீட்டில் நின்று, "நாமினி பேரு சரியா இருக்கான்னு பாருய்யா" என்றார்.

செல்லப்பன் சிரித்தார். "என்ன சார், எல்லாத்தையும் சரி பாக்குறீங்க? எங்கயாச்சும் டூர் கெளம்புறீங்களா?"

"ஆமாய்யா. டிக்கெட் இன்னும் கன்ஃபார்ம் ஆகல. வெயிட்டிங் லிஸ்ட்டு."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அந்த டிக்கெட் எந்த ஊருக்கு என்று உறைத்தது.

தண்ணீர் கேனை இப்போது அவர் தூக்குவதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று, கடையில் விலை கேட்பது போல் மூச்சு வாங்குகிறார். பூசையில் சுவிசேஷம் வாசிக்கையில் எல்லோரும் நிற்க, அவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு சின்ன மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். கேட்டால், "கேஸ் ட்ரபிள்" என்கிறார்.

கடைசிப் பக்கம் இதோ. ஆரம்பத் தொகை 2,00,000. முதல் வருடம் ஆயிரத்துக்கு 65 வீதம் 13,000. ஆக 2,13,000. அந்த 2,13,000-க்கு ஆயிரத்துக்கு 65 வீதம் இரண்டாம் வருடம் 13,845. ஆக 2,26,845. மூன்றாம் வருடம் 14,745. இப்படியே ஏறி இருபத்து நாலில் 9,06,610, இருபத்தைந்தில் 9,65,540. பைசாவை மட்டும் ரூபாயாக்கினேன். சரிதானே?

பதிலை உடனே போடுங்கள்.

அமலு


ஏலாக்குறிச்சி
28 மே 2025

அன்புத் தங்கைக்கு. மாதா உன்னைக் காக்கட்டும். நாங்கள் நலம். உன் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. எள் அறுப்பு, அதோடு கோயில் கமிட்டி வேலை என்று தாமதமாகிவிட்டது.

நகலைப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கணக்கில் ஒன்று பேச வேண்டும், நேரில் பேசலாம். அதுவரை அந்தத் தொகையை யாரிடமும் சொல்லாதே.

மாத்திரையின் காலி அட்டை கிடைத்தால் பேரைப் பார்த்து எழுது. மாப்பிள்ளையை மெதுவாக டாக்டரிடம் போகச் சொல். சண்டை போடாதே.

அண்ணி கேட்டதாகச் சொன்னாள்.

மரிய செல்வம்


பெரம்பலூர்
8 ஜூன் 2025, பெந்தகோஸ்து ஞாயிறு

அண்ணனுக்கு. இயேசுவுக்கே புகழ். சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனமில்லை, மன்னியுங்கள்.

மூன்று வாரம் உங்கள் பதிலுக்குத் தபால்காரரின் மணிச்சத்தத்தைக் கேட்டுக் கேட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது அரைப் பக்கம். எனக்கு மூன்று பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவர் நீங்கள்.

குப்பையில் காலி அட்டை கிடைத்தது. தெருமுனை மெடிக்கலில் பிரசாத் தம்பியிடம் நீட்டினேன். அது திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

"யாருக்குக்கா?"

"சொந்தக்காரவங்களுக்கு."

"இது நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிறதுக்கா. டாக்டர் சீட்டு இல்லாம நாங்க தரமாட்டோம். அவங்கள டாக்டர் தொடர்ந்து பாக்குறாங்கதானே?"

"பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய் சொன்ன பாவம் எனக்கு. சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள் என்றால் அவர் டாக்டரைப் பார்த்திருக்கிறார். டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் மறைத்துவிட்டு வருகிறார், சாப்பிடுகிறார், நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினேன். கணக்குப் பார்க்கிற கை, அதற்கு வேறு வழி தெரியாது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி நான் எழுதியதில் மூச்சு என்ற சொல்லே இல்லை. அவர் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் பதினேழாம் தேதி எழுதியதில், மூச்சு வாங்குவது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு யார் சொன்னார்கள் அண்ணா?

அப்பா செத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நீங்கள். என்னைப் பயத்தில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் எதைத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்?

அமலு


ஏலாக்குறிச்சி
16 ஜூன் 2025

அமலு,

மாதா உனக்கும் எனக்கும் இரங்கட்டும். நேற்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மாதா மேல் ஆணையிட்டுக் கொடுத்த வாக்கை முறிக்கிறேன்.

மார்ச் மாதம் மாப்பிள்ளை எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். பாலிசி இருபத்தைந்து வருடம் முடித்தால் கூடுதல் உண்டா என்று கேட்டிருந்தார். நேரில் வரலாமென்றால் நடக்க மூச்சு வாங்குகிறது என்றும் ஒரு வரி. ரிட்டயர் ஆன பிறகு என்னிடம் யாரும் பாலிசி பற்றிக் கேட்டதில்லை அமலு. சந்தோஷத்தில் மூன்று பக்கம் எழுதினேன். இருபத்தைந்து முடிந்தால் கூடுதல் போனஸ் ஒரு படி ஏறும் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். உன் வீட்டுச் சீட்டில் நீ பார்த்த கோட்டுக்கு முந்திய கோடு என்னுடையது.

உன் மே மாதக் கடிதத்தில் மாத்திரையைப் பற்றிப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மண்டி விலாசத்துக்கு அவருக்கு எழுதிக் கேட்டேன். அவர் போட்ட பதிலை இதோடு வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு, உன்னிடம் சொல்லமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். படிக்கும் முன் உட்கார்ந்துகொள்.

அடுத்தது உன் கணக்கு. போஸ்ட் ஆபீஸ் பட்டியல் வட்டிக்கு வட்டி போடும். போனஸ் அப்படியல்ல. ஆயிரத்துக்கு அறுபத்தைந்து என்பது ஆரம்பத்தில் எழுதிய இரண்டு லட்சத்துக்கு மட்டும். போனஸுக்கு போனஸ் கிடையாது. வருடம் 13,000. ஒரு வருடம் சற்றுக் கூட, ஒரு வருடம் சற்றுக் குறைய இருந்திருக்கும். இருபத்தைந்து வருடத்துக்கு 3,25,000. இரண்டு லட்சத்தோடு சேர்த்து 5,25,000. கடைசிக் கூடுதல் அறிவித்தால்தான் தெரியும். செல்லப்பன் விகிதத்தைச் சொன்னார், எதன் மேல் என்று சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

நகலைப் பார்த்த அன்றே எனக்கு இது தெரிந்தது. எழுதக் கை வரவில்லை. எடைமேடையில் நிற்கிற மனுஷர் அந்த ஒன்பதரை லட்சத்தை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் தன்னை வைத்திருக்கிறார். ஒரு தட்டைச் சட்டென்று இறக்கினால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

உன் அண்ணன்


(அதோடு இருந்தது)

பெரம்பலூர்
21 மே 2025

மரியாதைக்குரிய மச்சானுக்குச் சவரியார் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே அனைவரும் சுகம்தானே. நீங்கள் கேட்டுவிட்டபடியால் மறைக்கவில்லை.

பிப்ரவரியில் திருச்சியில் காட்டினேன். நெஞ்சுக் குழாயில் மூன்று அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டுமாம், சீக்கிரம் செய்ய வேண்டுமாம். அந்த ஆஸ்பத்திரியில் நாலு லட்சம் சொன்னார்கள். நம்மிடம் இருப்பது எல்லாவற்றையும் வழித்தாலும் இரண்டு. பிரியாவுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு. ஆபரேஷன் செய்து பிழைத்தாலும் என்னால் எடைமேடையில் நின்று லாரிக்காரனோடு மல்லுக்கட்ட முடியாது.

அமலு நோட்டில் 9,65,540 இருக்கிறது. அவள் கணக்கு ஒரு பைசா தப்பி நான் பார்த்ததில்லை. ஆகஸ்ட் 16 தாண்டினால் மேலே கூடுதலும் உண்டென்று நீங்கள் எழுதினீர்கள். அதுவரை மாத்திரையில் ஓட்டிவிட்டால் போதும். பாவமாக நான் ஒன்றும் செய்யவில்லை மச்சான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். ஆண்டவர் எப்போது கூப்பிடுகிறாரோ அப்போது போகிறேன்.

அமலுவுக்குத் தெரிய வேண்டாம். மாதா மேல் ஆணை.

சவரியார்


பெரம்பலூர்
23 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு. அவர் எடைமேடைக்குப் போயிருக்கிறார். ஆள் இன்னும் இருக்கிறார் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உடனே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. செபமாலை சொன்னேன், நடுவில் எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பிறகு சிவப்பு பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருத்தினேன். சனிக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

வந்தார், முகம் கழுவினார், நோட்டை நீட்டினேன், பேனாவைத் திறந்தார்.

"படிச்சுட்டுப் போடுங்க."

"என்னடி புதுசா?"

"இன்னைக்கு ஒரு நா படிங்க. சத்தமாப் படிங்க."

படித்தார். "ரெண்டு லட்சம். ஆயிரத்துக்கு அறுபத்தஞ்சு வீதம் வருஷம் பதிமூணாயிரம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மூணே கால் லட்சம். ஆக அஞ்சே கால். முன்பு எழுதிய 9,65,540 தவறு. தவறு செய்தவர் அமலோற்பவம்."

சட்டைப் பையிலிருந்து ஒரு எடைச்சீட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் தானே இரண்டு தரம் போட்டுப் பார்த்தார்.

"நாலு லட்சத்து நாப்பதாயிரத்துச் சொச்சம் எங்கடி போச்சு?"

"எங்கயும் போவல. அது இருந்ததே இல்லங்க."

அவர் உங்களுக்கு எழுதிய கடிதத்தை நோட்டின் மேல் வைத்தேன். முகம் கறுத்துப் போனது. "ஒங்கண்ணன் சத்தியம் பண்ணின மனுஷன்!" என்றார். "சத்தியத்தை மாதா பாத்துக்குவா, நீங்க என்னையப் பாருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை அண்ணா. சீட்டைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சரி, அஞ்சே காலுன்னே வச்சுக்க. பிரியாவுக்கு மூணு போனா ஒனக்கு ரெண்டே கால் நிக்கும். அதை போஸ்ட் ஆபீஸ்ல போட்டா…"

மறுபடி பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார். தொகை பாதியானால் மனம் மாறும் என்று நினைத்தேனே, அவர் பாதிக்கும் சம்மதித்துவிட்டார். நோட்டைப் பிடுங்கி அவர் முன்னால் விரித்துப் போட்டேன்.

"இங்க பாருங்க. இது வரவுப் பக்கம், இது செலவுப் பக்கம். நீங்க செத்து வர்ற காசை நான் எதுல எழுதட்டும்? வரவா, செலவா? சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பை அணைத்தது, நான் எழவில்லை. பிறகு பிள்ளை சொல்வது போலச் சொன்னார்: "எனக்குக் கத்தின்னா பயம் அமலு. எங்கப்பா ஆபரேஷன் மேசையிலயே போனவரு. நெஞ்சைப் பொளந்தா நான் திரும்பி வரமாட்டேன்."

கணக்கு முழுக்க ஒரு சாக்கு அண்ணா. பயத்தின் மேல் துணி மாதிரி அதைப் போர்த்தியிருந்தார். துணி நான் நெய்து கொடுத்தது.

அன்று அவர் கையெழுத்துப் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கையெழுத்தில்லாத முதல் பக்கம் அது. ஆஸ்பத்திரிக்கு வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அமலு


ஏலாக்குறிச்சி
7 ஜூலை 2025

அமலுவுக்கு. மாதா துணை.

நீ எழுதி இரண்டு வாரம். அண்ணி இரண்டு தரம் போன் போட்டாள், அணைத்து வைத்திருக்கிறது என்று வருகிறதாம். எழுத முடியாவிட்டால் வெறும் கார்டையாவது போடு, புரிந்துகொள்கிறேன்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் விசாரித்தேன். அரசு காப்பீட்டு அட்டைக்கு இந்த ஆபரேஷன் உண்டாம். உங்களுக்கு வருமானச் சான்று வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும். வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். மாப்பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாதே. எடைமேடைக்கே நேராகப் போகிறேன்.

மரிய செல்வம்


தஞ்சாவூர், ஆஸ்பத்திரி வராந்தா
16 ஆகஸ்ட் 2025

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க.

அன்புள்ள அண்ணனுக்கு. அண்ணியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பிரியா பக்கத்தில் இருக்கிறாள், போன் அவள் கையில்தான். அண்ணிக்குப் போட்டுப் பேச எனக்குக் குரல் வராது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நேரம் கொஞ்சம் நகர்கிறது.

வரும் செவ்வாய்க்கிழமைதான் நாள் குறித்திருந்தார்கள். இன்று காலை காபியைக் கையில் வாங்கியவர் அப்படியே டம்ளரைக் கீழே விட்டார். வியர்த்துக் கொட்டியது. கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை, வார்டில் பாதிப் பேர் இல்லை. ஆனாலும் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்கள், முக்கால் மணியில் வந்துவிட்டார். இன்றே செய்தாக வேண்டும், செவ்வாய் வரை தாங்காது என்றார்.

சம்மதப் படிவத்தை நர்சம்மா நீட்டினார். இவர் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடியைக் கேட்டார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி படிவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்.

"ஐயா, எல்லாரும் காட்டுன எடத்துல போடுவாங்க. நீங்க என்ன பரீட்சைக்கா படிக்கிறீங்க?"

"படிச்சுட்டுத்தான் போடணும்னு வூட்ல உத்தரவும்மா."

உயிருக்கு ஆபத்து நேரலாம் என்ற வரிக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்து என்னைப் பார்த்தார். உதடு வெளுத்திருந்தது. நான் தலையாட்டினேன். கடைசி வரி வரை படித்தார். பிறகு போட்டார்.

ஜூலையில் நீங்கள் மண்டிக்கு வந்து அவரோடு என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குக் கேட்காது என்று எடைச்சீட்டின் பின்னால் எழுதி எழுதிப் பேசினாராம், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றார்களாம். அந்தச் சீட்டுகளைக் கட்டிச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தவர், "தஞ்சாவூருக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார். நான் படிக்கவில்லை. சட்டையைத் துவைக்கும்போது எடுத்து, பத்திரத்தின் மேலே வைத்தேன். இப்போது புடவைக்கு அடியில் இரண்டும் இருக்கின்றன.

உள்ளே தள்ளிக்கொண்டு போகையில் என் கையைப் பிடித்தார். "இன்னைக்குத்தான் இருபத்தஞ்சு முடியுது, பாத்தியா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"முடியட்டும். நாளைக்கு இருபத்தாறு" என்றேன்.

"பயமா இருக்குடி."

"எனக்கும்தாங்க."

அதற்குள் கதவு வந்துவிட்டது.

போய் மூன்று மணி நேரம் ஆகிறது. ஐந்து மணி நேரம் ஆகும் என்று சொன்னார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், வேறு யாருக்கோ திறக்கிறது. நீங்கள் அடைக்கல மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். கடிதம் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஏற்றுங்கள்.

இன்று சனிக்கிழமை. நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். பஸ் கட்டணம், ரொட்டி, உடைந்த டம்ளர் என்று இந்த வாரத்தை எழுதிக் கூட்டி முடித்துவிட்டேன். இரண்டு தரம் சரி பார்த்தாகிவிட்டது. பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்துக்கு இடம் விட்டு மடியில் வைத்திருக்கிறேன்.

அமலு